துப்பட்டியும் துப்பட்டாவும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆடிட், இயர் எண்டிங், டிரான்ஸ்ஃபர் பயம் என்று ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். காபியோடு உட்காருங்கள்.

2023 டிசம்பர். புனேயில் நல்ல குளிர். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முதல் இரண்டு ராத்திரி நானும் மனைவியும் மாறி மாறி இருந்தோம். மூன்றாவது நாள் என் மகள், "நீங்க தூங்குங்கப்பா, நான் இருக்கேன்" என்று போனாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. நடுராத்திரியில் அம்மா கண் விழித்து, "துப்பட்டி குடு கண்ணு, குளுருது" என்றிருக்கிறார். இவள் தன் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் பாட்டிக்குப் போர்த்திவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். கால்மாட்டில் தடித்த போர்வை மடித்தபடியே இருந்தது.

பதினோரு நாள் கழித்து அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்து கோபிப் பக்கத்து எங்கள் ஊர் வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி, "இந்தத் துப்பட்டியெல்லாம் ஆருக்குடா?" என்று கேட்டார். என் மகள் எட்டிப் பார்த்தாள். "துப்பட்டியா? இது போர்வை இல்ல?" என்றாள். "போர்வையத்தான் துப்பட்டிம்போம் சாமி" என்றார் பெரியம்மா. அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. ராத்திரி வாசல் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, அப்பத்தா அன்னிக்கு இதைத்தான் கேட்டாங்களா?" என்றாள்.

என்ன பதில் சொல்வது? நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். சொல்லாராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிடைத்த அகராதிகளைப் புரட்டினேன், ஊர் ஊராக நண்பர்களைக் கேட்டேன். இருபது வருஷ வங்கி வேலையில் நானே பார்த்ததையும் அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அப்படிச் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

வெட்டினால் துணி

முதலில் பொதுவான சொற்கள். துணி என்ற சொல்லுக்கே வெட்டுவது, துண்டாக்குவது என்ற பொருள் உண்டு. தறியில் நீளமாக ஓடும் பாவிலிருந்து அறுத்து எடுத்தது துணி. துண்டும் அதே கதைதான், வெட்டிய பகுதி. சங்க காலத்தில் துணிக்கு 'அறுவை' என்று ஒரு பெயர் இருந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவர் உண்டு. அவர் மதுரையில் ஜவுளி வியாபாரம் செய்தவர். (இன்று அறுவை என்றால் ஒன்று ஆபரேஷன், இல்லை என் பதிவு. ஹி ஹி.)

அறுவை போய்த் துணி வந்தது. அந்தப் பழைய சொல் துணி அர்த்தத்தில் இன்று யார் வாயிலும் இல்லை. ஆனால் கற்பனை மாறவில்லை. இரண்டாயிரம் வருஷமாகத் தமிழன் துணியைப் பார்க்கும்போது தறியிலிருந்து அறுபடும் அந்த நிமிஷத்தையே பார்த்திருக்கிறான். பெயர்கள் சாவதும் புதிதாக முளைப்பதும் நம் தலைமுறையில் தொடங்கியதல்ல என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

பவானியும் ஜமக்காளமும்

எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, இழவு எதுவானாலும் முதலில் தேடுவது சமக்காளத்தைத்தான். அச்சில் ஜமக்காளம், ஜமுக்காளம் என்று வரும். பேச்சில் சமக்காளம், சமுக்காளம். மொய் எழுதுபவர் உட்காருவதும் அதில்தான், பஞ்சாயத்துப் பேசுபவர்கள் உட்காருவதும் அதில்தான். அண்டப் புளுகை 'ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்' என்பார்கள். அவ்வளவு தடித்த துணி.

ஆனால் சொல் தமிழ் இல்லை. கன்னடத்தில் ஜமகானா, தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதேதான். உருது பேசிய ஆட்சியாளர்கள், படைகள், வியாபாரிகள் வழியாகத் தெற்கே இறங்கிய சொற்கூட்டத்தில் ஒன்று. படுதாவும் (பர்தா) சால்வையும் (ஷால்) அந்தக் கூட்டம்தான்.

பவானிக்கு ஜமக்காளம் வந்த கதை வங்கிக்காரன் கண்ணுக்குச் சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மில் துணி மலிவாக வந்து குவிந்தது. மெல்லிய துணி நெய்தவர்கள் அதோடு போட்டி போட முடியவில்லை. காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில் ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர் வேறு வழி பிடித்தார்கள். தடித்த நூலுக்குச் சாயம் ஏற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். மில்காரன் கை வைக்காத சரக்கு. அது பிழைத்தது. ஊர்ப் பெயரே சரக்கின் பெயரானது. எங்கள் பகுதியில் 'ஒரு பவானி எடுத்து விரி' என்றாலே போதும்.

2005-06 நிதியாண்டில் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே இந்தச் சொல் தில்லிவரை போயிருந்தது. 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும், விசைத்தறி தொடக் கூடாது என்கிற ஒதுக்கீட்டுச் சட்டம். அதன் கீழ் முதலில் 22 வகைகள் இருந்தன. 1996இல் அதை 11 ஆகக் குறைத்தார்கள். அந்த 11இலும் புடவை, வேட்டி, லுங்கியோடு 'ஜமக்காளம்' என்ற சொல் அப்படியே நிற்கிறது. வடநாட்டார் தரீ என்று சொல்லும் பொருளுக்குப் பக்கத்தில் நம் வீட்டுச் சொல்லையும் மத்திய அரசின் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கு ரயிலில் ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம்.

நான் எழுதிய பட்டியல்

இப்போது ஒரு பாவ மன்னிப்பு.

2003இல் வங்கியில் சேர்ந்தேன். முதல் போஸ்டிங் பவானிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை. 2004இல் ஒருவருக்கு நடைமுறை மூலதனக் கடன் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நான்கு தறி சொந்தமாக வைத்திருந்தார். மற்றவர்களிடமும் வாங்கி விற்பார். சரக்கு இருப்பு சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை முழுக்க அடுக்கு அடுக்காகத் துணி. எண்ணிப் பார்த்து, என் தாளில் "பெட்ஷீட் - 140" என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "சார், இது பெட்ஷீட்டு இல்லீங்க. இது சமக்காளம். அது துப்பட்டி. அந்த மூலையில கெடக்கறது பந்தியில விரிக்கறது, நீளம் சாஸ்தி. இது பட்டுக் கரை வெச்சது, கல்யாணத்துக்கு. ஒண்ணொண்ணுக்கும் வெல வேறீங்க" என்றார்.

எனக்கு இருபத்தைந்து வயது. இந்தச் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். என் அம்மா பேசுகிற சொற்கள்தானே! ஆனால் ஃபாரத்தில் ஒரே ஒரு காலம்தான் இருந்தது. ஐந்து வகையாகப் பிரித்து எழுதினால் ஐந்து விலைக்கும் பில் இணைக்க வேண்டும், மேலதிகாரி கேள்வி கேட்பார். "எல்லாம் ஒண்ணாவே போட்டுக்கலாங்க, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டேன். இருப்பதிலேயே குறைந்த விலையை எல்லாவற்றுக்கும் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரிங்க, உங்க பொஸ்தகத்துல எப்படியோ அப்படியே எழுதிக்குங்க" என்றார்.

அந்த வருஷம் அவருக்கு வந்திருக்க வேண்டிய வரம்பில் பதினெட்டாயிரம் ரூபாய் குறைந்தது. தீபாவளிக்கு நூல் வாங்க வெளியில் கந்துவட்டிக்குப் போனார் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது. ஆனால் ஐந்து பெயர்களை ஒரே பெயராக்கினால் ஐந்து விலையும் ஒரே விலையாகிவிடும் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் அடுத்தவர் செலவில்.

துவர்த்தும் துவாலையும்

என் மனைவிக்கு நாகர்கோவில். அவளும் வங்கிக்காரிதான். கல்யாணமான முதல் வாரம், குளியலறையிலிருந்து "அந்தத் தோர்த்தை இங்க எடுங்க" என்று குரல் வந்தது. நான் 'தோற்ற' எதையோ தேடிக்கொண்டு நின்றேன். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். எப்படிப் புரிந்துகொண்டார் என்று இன்றுவரை தெரியாது.

தோர்த்து, துவர்த்து என்பது மலையாள வாடை என்று நான் பல நாள் கேலி செய்திருக்கிறேன். அகராதி என் வாயை அடைத்தது. 1924 தொடங்கி 1936க்குள் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியைப் பாருங்கள். துவர்தல் என்றால் உலர்தல், துவர்த்துதல் என்றால் ஈரம் போகத் துடைத்தல். குளித்ததும் தலை துவர்த்தும் துணி துவர்த்து. நல்ல பழந்தமிழ். நாஞ்சில் நாடு அதை விடாமல் வைத்திருந்தது, நாம் விட்டுவிட்டோம். அவ்வளவுதான்.

அப்படியானால் துவாலை? ஓசை நெருக்கமாக இருப்பதால் நானும் இரண்டும் ஒன்று என்றே நினைத்தேன். இல்லை. துவாலை போர்த்துக்கீசியரின் 'தோஆல்யா'. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் இறங்கிய அதே கப்பலில் இறங்கிய சொல். யாழ்ப்பாணத்தார் 'துவாய்' என்பார்கள். ஆக ஒரே கொடியில் பக்கத்துப் பக்கத்தில் காயும் துவர்த்தும் துவாலையும் உறவே இல்லாதவை. பெயரின் சாயலை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்று கே.ஒய்.சி. படிவமே சொல்கிறதே!

துண்டுக்குள்ளேயே எத்தனை! ஈரிழைத் துண்டு என்றால் இழையை இரட்டையாகப் போட்டு நெய்தது, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். காசித் துண்டு, குற்றாலத் துண்டு என்று ஊர்ப் பெயரில் சில. தோளில் போட்டால் மரியாதை, இடுப்பில் கட்டினால் பணிவு, தலையில் கட்டினால் வேலை. இதையெல்லாம் 'டவல்' என்ற ஒரு சொல்லில் அடக்கினால் மிஞ்சுவது தண்ணீர் துடைப்பது மட்டும்தான்.

லுங்கி, கைலி, சாரம்

இது ஆண்கள் ஏரியா, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் லுங்கி, தஞ்சை, மதுரைப் பக்கம் கைலி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியில் சாரம். இலங்கையிலும் சாரம்தான். சாரம், மலாய் மொழியின் 'சாரோங்'. கடல் கடந்து போய் வந்தவர்கள் கரையோர ஊர்களில் விட்டுச்சென்ற சொல்.

ஆனால் கடன் ஒருபக்கமாக இல்லை. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட இந்தத் துணியைக் 'காயின் பெலெகாட்' என்கிறார்கள். அந்தப் பெலெகாட் வேறெதுவும் இல்லை, சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலேற்றிக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணி நம்மிடமிருந்து அங்கே போனது, பெயர் அங்கிருந்து நம்மிடம் வந்தது. கணக்கு டேலி.

தூளி, ஏணை, தொட்டில்

மகள் பிறந்தது 2007இல். அப்போது சென்னையில் இருந்தோம். அபார்ட்மெண்டில் எட்டு வீடு, எட்டு ஊர். விட்டத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டோம். நாங்கள் தொட்டில் என்றோம். எதிர்வீட்டு கும்பகோணத்து மாமி தூளி என்றார். கீழ்வீட்டு ஆரணிக்கார அக்கா, "ஏணைல போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வருவார். மூன்று பெயரிலும் குழந்தை நன்றாகவே தூங்கியது.

மரத்தொட்டில் வாங்கலாம் என்றேன். அம்மா விடவில்லை. பலமுறை துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் பச்சை உடம்பை உறுத்தாது என்றார். ஒரு சேலை புதிதாக வந்து, கட்டி, பழசாகி, தொட்டிலாகி, பிறகு படுக்கைக்கு அடியில் விரிப்பாகி, கடைசியில் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகி மறையும். ஒவ்வொரு நிலையிலும் பெயர் மாறும். மராட்டியர்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் கோதடி என்கிறார்கள். வங்காளிகளின் காந்தாவும் அந்த வகைதான். காந்தாவும் நம் 'கந்தை'யும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. அங்கே அது இன்று ஏற்றுமதிச் சரக்கு. நமக்கோ அது கசக்கிக் கட்ட வேண்டிய கிழிசல் மட்டும்.

சோலாப்பூரில் ஒரு மாலை

2012இல் சோலாப்பூருக்கு மாற்றல். சோலாப்பூர் சாதர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அதை நெய்பவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் பத்மசாலிகள். பல தலைமுறைக்கு முன் நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் மராட்டி.

அங்கே விரிப்புக்குப் பெயர் சத்ரஞ்சி, ஆட்டு ரோமக் கம்பளிக்கு கோங்கடி, மற்ற எல்லாவற்றுக்கும் சாதர். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது அந்த ஊரில்தான். வீட்டிலும் எல்லாம் சாதர் ஆயிற்று. நாங்களும் விட்டுவிட்டோம். அம்மா வந்து இருக்கும் மாதங்களில் மட்டும் துப்பட்டி, சமக்காளம் என்று காதில் விழும்.

ஒரு நாள் கடை வீதியில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டை போட்ட விரிப்புகள் தொங்கின. அசப்பில் எங்கள் ஊர் சமக்காளம். தொட்டுப் பார்த்தேன். விசைத்தறிச் சரக்கு, கையில் லேசாக இருந்தது. விலை, பவானி விலையில் பாதிகூட இல்லை. சோலாப்பூர் விசைத்தறி விரிப்பு நம் ஊருக்கு வந்து பவானிப் பெயரில் விற்கிறது என்று பவானி நெசவாளர்கள் நெடுநாளாகப் புகார் சொல்கிறார்கள். சட்டம் இருக்கிறது, குறியீடு இருக்கிறது, ஆனால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிந்தால்தானே அவை வேலை செய்யும்?

அந்த மூன்று வருஷத்தில் சோலாப்பூரில் எத்தனையோ விசைத்தறிக் கடன் ஃபைலில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் தவறில்லை. அந்தத் தறியில் நிற்பவனும் பன்னிரண்டு மணி நேரம் காது அடைக்க நின்று சம்பாதிப்பவன்தான். ஆனால் பவானியில் 'பெட்ஷீட் - 140' என்று எழுதிய அதே கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

துப்பட்டிக்கு வருவோம்

இப்போது மகள் கேட்ட கேள்வி.

துப்பட்டி என்ற சொல் எங்கள் கொங்குப் பகுதியில் போர்வை. காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், பெண்கள் வெளியே போகும்போது உடம்பு முழுவதும் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணிக்குத் துப்பட்டி என்று பெயர். வடக்கே துப்பட்டா, சல்வாருக்கு மேலே போடுவது. மூன்றும் வேறு வேறு பொருள். ஆனால் ஒரே சொல்.

'து' என்றால் இரண்டு, 'பட்டா' என்றால் பட்டை, அகலம். இரட்டை அகலத் துணி என்று பொருள். ஏன் இரட்டை அகலம்? இங்கேதான் தறி வருகிறது. பழைய குழித்தறியில் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். இரண்டு கையும் எட்டும் தூரம் எவ்வளவோ, துணியின் அகலமும் அவ்வளவுதான். ஒரு ஆள் முழுசாகப் போர்த்திக்கொள்ள அது போதாது. அதனால் இரண்டு நீளத் துணியை நடுவில் சேர்த்துத் தைத்தார்கள். இரண்டு பட்டை, அதுதான் துப்பட்டி. நாடாவைக் கயிற்றால் இழுத்துப் பறக்கவிடும் வித்தையை இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கண்டுபிடித்தார். சென்னை மாகாணத் தறிகளில் அது பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகே ஒற்றை ஆள் அகலத் துணி நெய்வது சுலபமாயிற்று. பவானியில் அகலத் தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நெய்வதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அதே பிரச்சினைக்கு இன்னொரு விடை.

வெள்ளைக்காரர்கள் இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஓர் அகராதி போட்டார்கள். அதில் 'தூப்பட்டி' இருக்கிறது. என்ன பொருள் தெரியுமா? இரண்டு அகலம் உள்ள துணி, போர்வை விரிப்பு. அதாவது என் அம்மா சொன்ன பொருள். பிற்காலத்தில் வடக்கே அது மெலிந்து, சுருங்கி, பெண்களின் மேலாடையானது. தெற்கே கொங்கு நாட்டுக் கிராமங்களில் பழைய பொருளிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்த அன்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமாக இரண்டு தடவை படித்தாள். "அப்ப நான் குடுத்தது தப்பு இல்லையாப்பா?" என்றாள்.

"சொல் தப்பில்ல கண்ணு. அப்பத்தா கேட்டதும் நீ குடுத்ததும் ஒண்ணுதான். துணிதான் கொஞ்சம் மெலிசு" என்றேன்.

சிரித்தாள். பிறகு அழுதாள். "அப்பத்தாவுக்கு அது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். தெரிந்திருக்காது. அம்மா மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். ஆனால் தோர்த்து கேட்ட மருமகளுக்குத் துண்டை எடுத்து நீட்டியவர், துப்பட்டாவை நீட்டிய பேத்தியையும் புரிந்துகொண்டிருப்பார். இல்லாவிட்டால் "இது இல்ல சாமி, அது" என்று கால்மாட்டைக் காட்டியிருப்பாரே. பேத்தி தன் தோளிலிருந்து எடுத்துப் போர்த்தியதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவருக்குக் குளிர்ந்திருக்கும். அதையும் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் எங்கள் சொற்களை மகளுக்குக் கொடுக்க மறந்தோம், அந்த ராத்திரியின் குளிர் அம்மாவுக்குப் போனது. அகராதியில் இரண்டும் ஒரே வரியில் இருக்கலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒன்று கழுத்திலும் ஒன்று கால்மாட்டிலும் கிடந்தன.

டிரங்குப் பெட்டியில் இருந்த துப்பட்டிகளில் ஒன்று இப்போது அவளுடைய கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறது. ரூம்மேட்கள் என்ன என்று கேட்டால் 'துப்பட்டி' என்கிறாளாம். அவர்கள் சிரித்தால் உட்காரவைத்துத் தறிக்கதையிலிருந்து ஆரம்பித்துவிடுகிறாளாம். (அப்பாவின் அறுவை ஜீன் வேலை செய்கிறது.)

நான் ஒரு பழைய லெட்ஜர் நோட்டில் காலம் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். பொருள், எங்கள் ஊர்ச் சொல், மனைவி ஊர்ச் சொல், மற்ற ஊர்ச் சொல். தலையணைக்கு மட்டும் தலகாணி, தலவாணி என்று சேர்ந்துகொண்டே போகிறது. இந்தத் தடவை ஒரே காலத்தில் எல்லாவற்றையும் அடைக்கப் போவதில்லை.

உங்கள் வீட்டில் போர்வைக்கு என்ன பெயர்? தலையில் சுமை வைக்கும்போது சுருட்டி வைக்கும் சும்மாட்டுக்கு? குழந்தையைப் போடும் சேலைக்கு? ஊரில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதுங்கள். அதற்கு முன்னால் பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

பி.கு.: பவானி பக்கம் போனால் ஜமக்காளத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கனமாக இருக்கும், விலையும் கூடத்தான் இருக்கும். பில் போடும்போது 'பெட்ஷீட்' என்று எழுதினால் தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். நான் திருத்தாமல் விட்டதற்கு நீங்களாவது ஈடு செய்யுங்கள்.